கையுறையின் அகலம்

முதலில் எதையாவது ஒன்றைத் தரையோடு அறைய வேண்டும்.
மறந்துவிட்டேன்.
சுட்டியால் ஒரு நெம்புகோலை இழுத்தேன்.
இயந்திரம் மொத்தமும் எழுந்து கூடவே வந்தது,
கயிறு அவிழ்ந்த படகு மாதிரி.

அடிச்சட்டத்தை நிலைநிறுத்தினேன்.
மற்றவை இனி ஒன்றுக்கொன்று பட்ட கடனில் அசையும்:
அச்சோடு அச்சு, முகத்தோடு முகம்,
பல்லோடு பல்.

வெளியே இஸாஃப்யோர்துர்.
பகல் பதினொன்றாகியும் விடியவில்லை.
மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது.
திரைக்குள் ஒரு காட் மீனின் தலையை
நிமிடத்துக்கு நாற்பது முறை வெட்டுகிறேன்,
மீன் இல்லாமல்.

முதல் ஓட்டத்தில் கத்தி
உருளைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது.
ஒரு கீறல் இல்லை, ஒரு சத்தம் இல்லை.
தொடு என்று சொல்லித்தரும்வரை
இவை ஒன்றையொன்று தொடுவதில்லை.
எடையும் அப்படித்தான்.
புவியீர்ப்பு ஒரு சின்னக் கட்டம்,
டிக் அடித்த பிறகே எதுவும் விழும்.
உராய்வுக்கு ஓர் எண் கேட்டது.
ஈர எஃகு, மீன்கொழுப்பு, உப்பு...
யோசித்துவிட்டு 0.08 என்றேன்.
நம்பிவிட்டது.

நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கினேன்.
துண்டு பெரிதானால்
இரண்டு துண்டுகளுக்கு நடுவே
ஒரு முழு விபத்து ஒளிந்துகொள்ளும்.

மாலைக்குள் எங்கும் சிவப்பு இல்லை.
கெயிர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
"அழகாக ஓடுகிறது."
காபிக் கோப்பையோடு போய்விட்டார்.

ஓடத்தான் செய்தது,
ஆளில்லாத ஊரில் போக்குவரத்து
ஒழுங்காக இருப்பதைப் போல.

கீழ்த்தளத்தில் ஹலீனா.
க்டினியாவிலிருந்து வந்து ஒன்பது குளிர்காலம்.
மீன் குறுக்கே சிக்கினால் என்ன செய்வாய் என்றேன்.
"நிறுத்துவேன்" என்றாள்
சுவரிலிருந்த விதிப் பலகையைப் பார்த்து.
பிறகு என்னைப் பார்த்தாள்.
"தட்டிவிடுவேன். இப்படி."

அவள் கையுறையை வெர்னியரால் அளந்தேன்.
கூச்சத்தில் சிரித்தாள், கை ஆடியது,
மறுபடி அளந்தேன்.
கட்டைவிரலை மடக்கினால் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர்.
காப்புத்தகட்டின் கீழே இடைவெளி நூறு.

ஒரு செவ்வகக் கட்டி, நான்கு உருளைகள்.
அதைக் கை என்று சொல்ல வெட்கமாயிருந்தது.
'பாகம் 215' என்றே விட்டேன்.
என்ன பொருள் என்ற இடத்தில்
எஃகு என்று தானாக நிரம்பியிருந்தது.
அழித்தேன். பட்டியலில் தேடினேன்:
அலுமினியம், நைலான், பித்தளை,
மூன்று வகை ரப்பர்.
காலியாக விட்டேன்.

2.31ஆவது வினாடியில்
ஒரு விரல் சிவந்தது.
கத்தி நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை.
குறுக்கீடு: 1
என்று மட்டும் ஓரத்தில் வந்தது.

தகட்டைத் தாழ்த்தினால் மீன் நுழையாது.
இருநூறு மில்லிமீட்டர் முன்னே தள்ளினேன்.
அதற்கு ஒரு தாங்கி,
தாங்கிக்கு இரண்டு திருகுகள்,
திருகை முடுக்க இடமில்லை.
இன்னும் ஒரு வாரமாகும் என்று கெயிருக்கு எழுதினேன்.

பாகம் 215ஐ நீக்கவில்லை,
மறைத்துவைத்திருக்கிறேன்.
ஒவ்வொரு ஓட்டத்திலும் அது
கண்ணுக்குத் தெரியாமல்
உள்ளே போகிறது,
வெளியே வருகிறது.