நாற்பத்து நான்கு

கணக்கு நோட்டில்தான் முதலில் சாலை குறுகியது.
மலைத்தோட்டத்திலிருந்து வடசேரி கிட்டங்கி வரை
எப்போதும் ஐம்பது.
இடவப்பாதி மழையிலும் ஐம்பது,
குலசேகரத்தில் பஸ் குறுக்கே நின்றாலும் ஐம்பது.
இந்த மாதம் பதினோரு நடை.
பதினொன்றும் நாற்பத்து நான்கு.

"ஆறு கிலோமீட்டரை வழியில யாருக்கு வித்தீரு?"
வினிஸ்டன் சிரிக்கவில்லை.

தகர ஷெட்டில் நின்ற வண்டியை
அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.
மார்த்தாண்டத்தில் மாட்டிவந்த புது டயர்கள்,
முப்பத்து மூன்று அங்குலம்.
பழையது இருபத்தொன்பது.
ஏறும் படி என் முழங்காலுக்கு மேலே போயிருந்தது.
தெருப்பையன்கள் போட்டோ எடுக்க வந்தபோது
இவரும் ஒரு காலைத் தூக்கி டயர்மேல் வைத்து நின்றவர்தான்.

பெரிய சக்கரம் ஒரு சுற்றில் நீளமாக விழுங்கும்.
மீட்டருக்கோ சுற்று மட்டும்தான் எண்ணத் தெரியும்.
கிட்டங்கி சாகுலுக்கு மீட்டர் மட்டும்தான் தெரியும்.
கிலோமீட்டருக்கு முப்பத்தெட்டு ரூபாய்,
அறுபத்தாறு கிலோமீட்டர்.
பெருக்கி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்:
இரண்டாயிரத்து ஐந்நூற்று எட்டு.

அதோடு விட்டிருக்கலாம்.
பன்னிரண்டாம் நடையில் நானும் ஏறினேன்.

வில்லுக்குறி தாண்டி முள் அறுபதில் நின்றது,
வெளியே தென்னைகள் அறுபத்தெட்டில் ஓடின.
பேச்சிப்பாறை ஏற்றத்தில், பின்னால் உரமூட்டைகளோடு,
கியருக்குப் புத்தி பேதலித்தது.
நான்கு. இல்லை, மூன்று. நான்கு. மூன்று.
சாளையா நெத்திலியா என்று தீராமல்
எல்லாக் கூடையிலும் கைவைத்துப் பார்க்கும்
என் நாத்தனாரைப் போல.
இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை.
நடுவில் எங்கோ அந்தச் சத்தமெல்லாம்
சூடாகிக் கொண்டிருந்தது.
ஜன்னல் வழியே ரப்பர் பாலின் புளிப்பு வாசம்,
அதன் அடியில் இன்னொன்று,
கருகிய வாசம்.

அழகியமண்டபம் ஹிலாரி
அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் துணியில் தேய்த்தார்.
செம்பருத்தி நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில்,
கட்டன் காப்பி.

"கியர்பாக்ஸ்க்க மேல குத்தமில்ல கேட்டீரா.
பின்னால இருக்கப்பட்ட பல்லு நாலு புள்ளி ஒண்ணு.
நீரு மாட்டின டயருக்கு அது
மூணு புள்ளி ஆறு மாதிரிதான் வலிக்கும்.
எப்பளும் ஒரு கியர் கூடப்போட்டு மலை ஏறுத கணக்கு.
இந்த டயருதான் வேணும்னா
நாலு புள்ளி ஆறுக்கு மேல பல்லு போடணும்,
கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் குடுக்கணும்.
அம்பதாயிரம் ஆவும்.
இல்லேண்ணா…"

அந்த 'இல்லேண்ணா'வை அவர் முடிக்கவில்லை.
வினிஸ்டன் எழுந்துபோய்
ஓடாத ஒரு ஜீப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
ஆயில் மட்டும் மாற்றினோம்.
திரும்பும் வழியில்
லிவரை மூன்றில் பூட்டி ஓட்டினார்,
வாயையும்.

எங்கள் தோட்டத்துப் பால்தான்
எந்த ஊர் ஆலைக்கோ போய்க் கறுத்து
விலை ஏறித் திரும்பி வந்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.

அடுத்த வியாழன், சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.
கைகழுவப் போனார்.
சீட்டில் ஐம்பது.
நானும் ஐம்பது என்று எழுதினேன்,
வேறொன்றும் கேட்கவில்லை.
ஓடியும் கணக்கில் ஏறாத தூரத்துக்கு மட்டும்
பக்க ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

ஆடியில் கொசுப்புழு பார்க்க வந்த பெண்
ஷெட்டின் பின்சுவரில் சாய்ந்திருந்த நான்கையும்
ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள்.
மூச்சு வாங்கியது அவளுக்கு.

"இம்பிடு வலிய டயரு எந்த லாரிக்காக்கும்?"

வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்
குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.