நனைந்த தீக்குச்சி

தம்பெரே நகர ட்ராமில்
சீட்டுப் பரிசோதகர் நான்.
மார்பில் வெள்ளித் தகடு: துய்ரே ஹக்கரைனென்.
அதைப் படிக்கும் தூரத்துக்கு யாரும் வருவதில்லை.
என்னைக் கண்டதும்
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள்,
பனி முழங்கால்வரை கிடந்தாலும்.

இரவில் எனக்கு வேறு பெயர்.
உறக்கம் வராதவர்களின் குழு அது.
நூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஒருவருக்கும் முகம் கிடையாது.
அங்கே நான் நனைந்த தீக்குச்சி.
பற்றாது, சுடாது,
பெட்டிக்குள் மற்றவற்றோடு சும்மா படுத்திருக்கும்.
பிறந்தபோது வைத்தது இடுகுறிப் பெயர்.
இது காரணப் பெயர், நானே தேடி எடுத்தது.
(துய்ரே என்றொருத்தியும் குழுவில் இருந்தாள்.
சேர்ந்த நாளிலிருந்து வாய் திறக்காதவள்.)

மூன்று மணிக்கு ஒற்றைக் கையுறை எழுதும்:
"அடுப்பை அணைத்தேனா என்று
ஏழாவது முறை எழுந்து பார்த்துவிட்டேன்."
"எட்டாவது முறை சேர்ந்தே போவோம்" என்பேன்.
"நீங்கள் உங்கள் அடுப்புக்கு, நான் என்னுடையதற்கு."
எங்கோ இரண்டு சமையலறைகளில்
குளிர்ந்த இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்போம்.
பகலில் நான்
யாரோடும் அப்படி நின்றதில்லை.

பிறகு நேர்மையான ஆணி வந்தது.
மருந்துக்கடை ரைலியை,
அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, கடை இருக்கும் தெருவைச் சொல்லி,
மாத்திரை திருடுகிறவள் என்று எழுதியது.
பொய்.
மூன்றே வாரத்தில் ரைலி வேலையை விட்டு
லாப்லாந்தில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.
ஆணிக்கு ஒரு கீறலும் இல்லை.
அடித்தது யாரென்று சுவருக்கு எப்படித் தெரியும்?

இனி இயற்பெயரில்தான் பேசவேண்டுமா?
ஓட்டெடுப்பு.
ரைலியை நினைத்து, துய்ரேயாக
"ஆம்" என்றேன்.
பத்து நிமிடம் கழித்து, தீக்குச்சியாக
"வேண்டாம்" என்றேன்.
இரண்டுமே உண்மை.
ஒன்றை ஒன்று தின்றுவிட்டன.
என் தயவில்லாமலே ஆம் வென்றது.

மறுவாரம் இருபத்தாறு பேர் மிஞ்சினார்கள்.
நன்றாகத் தூங்குகிறவர்கள்போல எழுதினார்கள்:
வானிலை. நாய்க்குட்டி. இனிய காலை.
ஒற்றைக் கையுறை இல்லை.
ஆணி இருந்திருக்கலாம்,
முழுப் பெயரோடு, சிரிக்கும் படத்தோடு.

பிப்ரவரி. ஹெர்வந்தா போகும் வண்டி.
கடைசி இருக்கையில் ஐம்பது வயதுக்காரர், சீட்டில்லை.
பையைத் துழாவினார், கோட்டைத் துழாவினார்,
மறுபடி பையை.
"ஏழாவது முறை" என்றார் தரையைப் பார்த்து.
"எட்டாவதுக்குக் கூட வர யாருமில்லை."

பேனா நின்றது.
அட்டையை நீட்டினார்: ஓர்வோ கெட்டுனென்.
இரண்டு வருடம் தெரியாமலிருந்த பெயர்
கையில் கிடைத்ததும்
ஒன்றும் சொல்லவில்லை எனக்கு.
கையுறை இரண்டையும் போட்டிருந்தார்.

விட்டுவிட்டேன் என்றால் கதை இனிக்கும்.
தலைக்கு மேல் கேமரா.
எண்பது யூரோ எழுதினேன்,
பெயரில் ஒரு பிழையில்லாமல்.
சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது மட்டும்
"அடுப்பு அணைந்துதான் இருக்கும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து
என் மார்புத் தகட்டைப் படித்தார்,
முதல் எழுத்திலிருந்து கடைசிவரை, மெதுவாக,
வேறு யாரோ வசிக்கும் வீட்டின்
கதவிலக்கத்தைப் பார்ப்பதுபோல.