வென்டலுக்கு, கூரையின் மேலிருந்து

ஒரு சொட்டுகூட ஒழுகாது என்றாய், வென்டல்.
அஸ்டோரியாவில் மழை பெய்யாத ஒரே வாரமாகப் பார்த்து விற்றாய்.

தொண்ணூற்றொன்றாம் வருடத்து மோட்டார்ஹோம்.
முப்பதடி நீளம், இடுப்பில் பழுப்புக் கோடு.
ஏறினால் ஈரக் கோணி வாடை.
"பூட்டியே கிடந்தது, அதான்" என்றாய்.
அக்டோபரில் கட்டிலின் கால்மாட்டில்
தேநீர்க் கறை ஒன்று படர்ந்தது,
முதலில் காசளவு, பிறகு தட்டளவு.
கிண்ணம் வைத்தோம்.
கிண்ணத்தின் சத்தம் பொறுக்காமல்
அதற்குள் ஒரு துண்டு வைத்தோம்.
டொய்வோ அதைப் பிழியும்போதெல்லாம்
உன் பெயரைச் சொல்லித்தான் பிழிந்தான்.

ஆகஸ்டில் மூன்று நாள் வெயில் என்றது வானொலி.
ஏணி சாத்தி, பலகை போட்டு, அதன்மேல் முட்டி போட்டு
பின்மூலை அலுமினியப் பட்டையை நெம்பினேன்.
நாற்பத்தாறு திருகாணிகள்.
பாதிக்குத் தலை மட்டும்தான் மிச்சம், உடம்பைத் துரு தின்றிருந்தது.
ஒன்று மட்டும் பித்தளை,
கோட்டு மாட்டும் கொக்கியிலிருந்து கழற்றியது.

ஆக, உனக்குத் தெரியும்.

பட்டைக்கு அடியில் உன் கைவேலை:
சிலிக்கான், அதன் மேல் தார்,
தாரின் மேல் வெள்ளி டேப்,
டேப்பின் மேல் மறுபடியும் சிலிக்கான்.
எதுவும் எதோடும் ஒட்டவில்லை.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்,
நீ ஒரு குளத்தையே மறைத்திருக்கிறாய்.

ஹேர் டிரையரால் சூடு காட்டி
பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினேன்.
இரும்பு கூடாது, ரப்பர் கூரை கிழியும்.
உள்ளே மரச்சட்டம்
பாலில் ஊறிய ரஸ்க்காய் விரலோடு வந்தது.
கோபம் வரும் என்று பார்த்தேன்.
பசிதான் வந்தது.

புதுச் சட்டம், பியூட்டைல் நாடா, புதுத் திருகாணி,
விளிம்பெல்லாம் பசை.
மறுநாள் டொய்வோ கீழே நின்று குழாயைப் பீய்ச்சினான்.
கால்மாட்டில் கறை
நிதானமாகக் கண்ணைத் திறந்தது.

எதிரில் வண்டி நிறுத்தியிருக்கும் ரொசால்பா
கம்பளம் உலர்த்தும் மின்விசிறியைத் தூக்கி வந்தாள்.
ஜன்னலில் அட்டை வைத்து அடைத்து
காற்றை உள்ளே ஊதவிட்டு
இணைப்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவச் சொன்னாள்.
"ஓட்டை தானே வாயைத் திறக்கும்."

நான் சரிசெய்த மூலையில் ஒரு குமிழிகூட இல்லை.
பக்கச்சுவர் நெடுகிலும் இல்லை.
தவழ்ந்து தவழ்ந்து முன்னால் போனால்
ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, ஐந்தாவது ஆரஞ்சு விளக்கடியில்
குழந்தை எச்சில் விடுவதுபோல்
புசுபுசுவென்று நுரை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
அங்கே நுழைந்த தண்ணீர்
கூரையும் சுவரும் சேரும் இடுக்கில்
இருபத்திரண்டு அடி நடந்திருக்கிறது,
வழியில் யார் தலையிலும் விழாமல்
நேரே எங்கள் படுக்கைக்கு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், வென்டல்.
நான்கு அடுக்கு என்றால் நான்கு அக்டோபர்.
நான்கு முறை ஏறியிருக்கிறாய்,
ஈரம் தெரிந்த இடத்தையே நான்கு முறை பூசியிருக்கிறாய்,
நேற்று நான் செய்ததைப் போலவே.
கடைசியில் கொக்கித் திருகாணி.
வீட்டில் வேறு இல்லாத ஓர் இரவாக இருந்திருக்கும்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.
ஒரு சொட்டுகூட என்று சொன்னவன் நீதான்.

விளக்கைக் கழற்றி, அடியில் நாடா வைத்து மூடினேன்.
டொய்வோவின் முழங்கால் இனி படியேறாது,
வசந்தத்தில் விற்றுவிடுவோம்.
அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
பின் இடது மூலை, சட்டம் புதிது.
ஐந்தாவது விளக்கு, எல்லாம் இதனால்.
குளியலறை ஜன்னல், தெரியாது, சந்தேகம்.
"எண்ணூறு டாலர் குறைத்துக் கேட்பான், ஆர்டிஸ்,
கதவையாவது மூடி வை" என்கிறான்.
திறந்துதான் கிடக்கிறது.

நேற்றிரவு முதல் மழை.
இருவரும் விழித்தே கிடந்தோம்.
கூரை முழுக்கச் சத்தம், கிண்ணத்தில் இல்லை.
விடிந்தும்
அதை எடுத்து வைக்க
இரண்டு பேருக்கும் கை வரவில்லை.