இரண்டு நீல வாளிகள்

பைக்காரா போர் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு காட்டும்.
மீட்டரை முக்கிய முதல் நாளே
கடைக்காரர் ரசூல்மைதீன் சிரித்துவிட்டார்:
"இதுல கடலும் வராது, மழையும் வராது.
பிளம்பர்தான் அடிக்கடி வருவான்."

அடுப்படியில் ஒரு மெஷின் மாட்டினோம்.
எட்டு, ஏழு என்று இறங்கி நின்றது எண்.
இரண்டு வாளி பிடிப்போம்.
என்னுடையதில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு.
செங்கமலத்தின் வாளியில் ஒன்றும் இல்லை.

தொட்டிக்குள் ஒரு கடல் சாமந்தி,
அதில் படுத்துப் புரளும் கோமாளி மீன் இரண்டு,
வாடகை வீட்டில் எங்களைவிட உரிமையோடு.
அவள் ஜன்னலில் அழுகண்ணி, குடுவைச் செடி,
எறும்பு ஊர்ந்தால் வாய் மூடும் வீனஸ்.
உரம் வைத்தால் செத்துப்போகுமாம்.
எதுவுமே இல்லாத மண்ணுக்குத்தான்
இத்தனை செலவு.

கரிமேட்டு எறாலை நறுக்கி நான் சாமந்திக்குக் கொடுத்ததும்
இடுக்கியைக் கழுவி வாங்கிக்கொள்வாள்.
"ரெண்டுல எது செடி?" என்று கேட்ட அவள் அண்ணனுக்கு
இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

வைகாசியில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
இன்வெர்ட்டர் இரவு இரண்டு மணிக்கு மூச்சை விட்டது.
முப்பத்தொரு டிகிரி.
மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன.
நான் மின்வாரியத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன்.
செங்கமலம் ஸ்டூலில் ஏறி
எவர்சில்வர் செம்பால் மொண்டு
உயரத் தூக்கித் தூக்கி ஊற்றினாள்.
காபி ஆற்றுவதுபோலக் கடலை ஆற்றினாள்.
"சர்க்கரை போதுமா பாரு" என்றாள் இருட்டுக்குள்.
கை மாற்றி, கை மாற்றி, விடியும்வரை.

காலையில் தரையிலேயே தூங்கிப்போயிருந்தாள்.
நன்றி சொல்வது எங்களுக்குள் வழக்கமில்லை.
ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது.
வாளியை எடுத்து, ஒரு செடி விடாமல்,
தட்டெல்லாம் தளும்பத் தளும்ப ஊற்றினேன்.

மத்தியானம் அழுகண்ணியின் கண்ணில் நீர் இல்லை.
பாசியில் விரல் வைத்து நாக்கில் தொட்டாள்.
என்னைப் பார்க்கவில்லை.
வாளிகளைப் பார்த்தாள்.
இரண்டும் நீலம். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியது.

அலசினால் பிழைக்கலாம், இருபது லிட்டர் இருந்தால்.
தொட்டிக்கும் தண்ணீர் மாற்றியாக வேண்டும், இன்றைக்கே.
கரண்ட் இப்போதுதான் வந்திருந்தது.
நல்ல தண்ணீர் நூலாக இறங்க,
கழிவுக் குழாய் மூன்று மடங்கு வேகத்தில்
பாத்திரம் கழுவும் அண்டாவை நிரப்பிக்கொண்டிருந்தது.

அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தோம்.
முதல் வாளி யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
எழுந்துபோய் நகப்பூச்சு எடுத்துவந்து
ஒன்றின் வயிற்றில் சிவப்பாக
'உ' என்று எழுதினாள்.

உப்பா, உனக்கா,
இல்லை, வெறும் பிள்ளையார் சுழியா?
கிட்டே போனேன்.
"காயலை, தொடாதே" என்றாள்.