காயுமட்டும்

மாநகரசபைச் சிட்டையில் இரண்டு வரிதான்:
பழைய பெயரைச் சுரண்டு.
புதிதாய் எழுது.

பாலத்தடியில் பலகையைச் சரித்துப் போட்டுத்
தகட்டுக்கத்தியால் தொடங்கினேன்.
வெள்ளைக்குக் கீழே மஞ்சள்.
மஞ்சளுக்குக் கீழே
வயிறு ஊதிய ஓர் ஆங்கிலப் பி.
அதற்கும் கீழே, பச்சையில்,
புளியந் என்று நின்றுபோன எழுத்து.
தீவைத் துரு தின்றிருந்தது.

சட்டம் அடிக்க வந்த வின்சன் ரொசாய்ரோ
குனிந்து பார்த்துச் சிரித்தான்.
"எங்கட பூட்டன்மார்ர வாய்க்குள்ள
மானாவா போனது,
பானாவா வெளியில வந்திருக்கு.
அந்தப் பியைச் சுரண்டாத கா,
எங்கட ஊட்டுக் கதவுல ஒட்டுவம்."
அதற்குள் அது பாதி போய்விட்டது.

துகள்கள் களப்பில் விழுந்தன.
மீன்கள் வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போயின.
பாடவில்லை.

மேற்பார்வைக்கு வந்த பந்துல மாத்தயா சொன்னார்,
அவர் மொழியில் மட என்றால் சேறு,
சேற்றுக் களப்பு.
நான் சொன்னேன், மட்டு என்றால் எல்லை,
இதுவரைக்கும் என்று சொல்வது.
கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன்.
அங்கால, இறால் தடவிக்கொண்டு நின்றாள்
சின்னாச்சிப்பிள்ளை,
முழங்கால் மட்டும் சேறு,
இடுப்பு மட்டும் தண்ணி.
இரண்டு பேரும் பார்த்தோம்.
வழக்கு அதோடு முடிந்தது.

ஒருகாலம் இதே பாலத்தில்
மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து கேள்வி வரும்:
எங்கே இருந்து?
மடகலபுவ என்றேன்,
அவன் வாயை என் வாயில் மாட்டிக்கொண்டு.
அட்டையைத் தலைகீழாய்ப் பார்த்து
போகச் சொன்னான்.
தம்பி எப்படிச் சொன்னானோ.
மாலையில் போய்ப் பார்க்க,
சைக்கிள் மட்டும் நின்றது,
கைப்பிடி ஆற்றுப்பக்கம் திரும்பி.

சிங்கள எழுத்துக்கு அச்சுத்தாள் தந்திருந்தார்கள்.
வளைவு வளைவாய், பொருள் தெரியாமல்,
மிகக் கவனமாய் வரைந்தேன்.
ஆங்கிலம் சுலபம்.
தமிழில்தான் அளவு பிழைத்தது.
கடைசிப் பு
இடம் போதாமல் சட்டத்தோடு ஒடுங்கி,
நெரிசல் பஸ்ஸில் கடைசியாய் ஏறியவன் மாதிரி.
மாத்தயா கவனிக்கவில்லை.
கவனித்த ரொசாய்ரோ
ஆணியை வாயில் வைத்துக்கொண்டு பேசாமலிருந்தான்.

காயுமட்டும் காவலிருந்தேன்.
தூசி படக்கூடாது, ஆடு உரசக்கூடாது.
களப்பில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தால் வந்த ஓர் ஆட்டோ
பலகைக்கு முன்னால் நின்றது.
பளபளக்கும் மூன்று வரியையும்
பொடியன் ஒருதரம் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்:
"டவுனுக்கா?"

ஓம் என்று ஏறினேன்,
நகத்துக்குள் பச்சை.