குடும்பத்தில் யாருக்காவது

சிகாமட் மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர்
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டாள்:
குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?
நாற்பது வருஷமாக ஒரே பதில் வைத்திருந்தேன்.
அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் என் கண்ணைப் பார்த்தாள்,
ஐசியைப் பார்த்தாள்,
தவமணி த/பெ சடையப்பன்,
மறுபடி கண்ணைப் பார்த்தாள்.
பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

எனக்கு இது புதிதில்லை.
பள்ளியில் சீனச்சி.
பசார் மாலாமில் மீன்காரன் பேசும் ஹொக்கியன் புரியாமல் விழித்தால்
ஊமைச் சீனச்சி.
பால்குடம் எடுத்தால் போட்டோக்காரன்
என்னை மட்டும் நாலு தடவை எடுப்பான்.
நான் யார் என்று லாபிஸ் முழுக்கத் தெரியும்.
யாருடையவள் என்றுதான் தெரியாது.

அம்மா சொன்னது இவ்வளவே:
மழைநாள், பெரட்டு முடிந்த பிறகு,
ஒரு துண்டில் சுற்றி நான்.
யாரும்மா கொடுத்தது என்று கேட்டால்
"நான்தான் கொடுத்தேன், முப்பது வெள்ளி" என்பாள்.
பத்திரத்தில் பெயர் எழுதிய கிராணிக்கு ஒரு கோழி.
கிராணி போய்விட்டார். அம்மாவும்.
ரப்பரும் போய்ச் செம்பனை வந்துவிட்டது.

மகன் சிங்கப்பூரிலிருந்து பெட்டி அனுப்பினான்.
அரை மணி நேரம் எதுவும் தின்னக்கூடாதாம்,
குழாயில் கோடு வரைக்கும் துப்ப வேண்டுமாம்.
வாய் வறண்டுபோயிற்று.
புளிமாங்காயை நினைத்து நினைத்துத் துப்பினேன்.
அறுபத்திரண்டு வருஷம்
சுண்டுவிரல் உயரம்கூட வரவில்லை.

ஆறு வாரம் கழித்து
பெர்த்தில் ஒருத்தி. கோ சியூ எங்.
கஸின் என்றது கணினி.
எங்கள் வாயில் அப்படி ஒரு மொட்டைச் சொல் கிடையாதே.
மாமன் மகளா, பெரியப்பன் மகளா?
கட்டும் முறையா, கட்டாத முறையா?
கேட்டு எழுதினேன். சிரித்திருப்பாள்.
தன் வம்சத்து மரத்தைத் திறந்து காட்டினாள்.
ஆண்களின் பெயர் காய்த்த மரம்.
பெண்கள் இருந்த இடத்தில் வெறும் கோடு.

அத்தை ஒருத்தி லாபிஸில் வாக்கப்பட்டாள், என்று எழுதியிருந்தாள்.
புலி வருஷத்தில் ஒரு பெண் பிறந்து
தங்கவில்லை என்பார்கள்.
பிறகு மூன்று பையன்கள்.
கடைசி ஆள் இன்னும் அங்கேதான், இரும்புக்கடை.

என் எச்சில் கடல் தாண்டிப் போய்
யார் யாரிடமோ விசாரித்துத் திரும்பி வந்து
ரயில் நிலையத்து எதிர்வரிசையில்
ஆ லெங் கடை வாசலில் நின்றது.

முப்பது வருஷமாக அங்கேதான்
ஆணி, பெயிண்ட், தண்ணீர்த் தொட்டிக்கு மிதவை.
"வாங்க அக்கா, குழாயா, வாளியா?"
எங்கள் பையன்களைவிட வேகமாகத் தமிழில் கணக்குப் போடுவான்.
அவன் தலைக்கு மேலே ஊதுபத்திப் புகையில்
ஒரு பெண்ணின் படம், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை.
மீதிச் சில்லறைக்குக் காத்து நிற்கையில்
எத்தனை தடவை கண் அங்கே போயிருக்கும்.
ஒரு தடவைகூடப்
பார்த்ததில்லை.

இன்று அரை இஞ்ச் வளைவு ரெண்டு கேட்டேன்.
தேவையே இல்லை.
யாருக்கோ திருகாணி எண்ணிக்கொண்டிருந்தான்.
கட்டைவிரல் நகம் அகலமாக, பலகை மாதிரி.
என் கைகளைப் பைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.
வரும் வழியெல்லாம் கோத்து வைத்த வாக்கியங்கள்
சைக்கிளிலேயே தங்கிவிட்டன.
வந்தது டாக்டரின் கேள்விதான்.

தவுக்கே, உங்க அம்மாவுக்கு
மார்ல கட்டி இருந்துச்சா?

விரல் நின்றது.
வெளியே குலை ஏற்றிய லாரி ஒன்று
மேட்டுக்காகக் கியர் மாற்றிக் கத்திக்கொண்டு போயிற்று.
அது போய் முடியும்வரை பேசவில்லை.

"இடது பக்கம்," என்றான்.
எண்ணியது மறந்துபோய்
திருகாணிகளை மறுபடி தட்டில் கொட்டினான்.
"ஏன் அக்கா?"