அரை

கோடியாக் தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
படகுத்துறைக்கு எதிரே, டெல்ஃபின் அபரிசியோவின் கடையில்
சொட்டச் சொட்ட நின்று, ஒரு பெல்ட் வேண்டும் என்றேன்.
எதைத் தாங்க?
கைத்துப்பாக்கி. ஆறு குண்டும் போட்டால் ஒன்றரைக் கிலோ.
கரடிக்கா?
பின்னே, மணி கட்டவா போகிறேன்?

பழைய பெல்ட்டைக் குறை சொல்லக் கூடாது.
தேவாலயத்துக்கும் வங்கிக்கும் போய்வரப் பழகியது அது.
துப்பாக்கி ஏறிய முதல் நாளே
ஒருபக்கம் மீன் கொட்டிய படகுபோல் சரிந்துவிட்டது.
பத்தடிக்கு ஒருமுறை இழுத்துவிட்டபடியே நடந்தேன்,
போன கோடை முழுக்க.
ஒரு மாலை, ஆல்டர் புதருக்குள் ஏதோ மூச்சு விட்டது.
கை போனது.
உறை அங்கே இல்லை.
நாலு விரற்கடை கீழே, முதுகுப் பக்கமாய்ப் போய்
ஒளிந்துகொண்டிருந்தது.

மூச்சு விட்டது நரிதான்.
ஆனாலும் அந்த நாலு விரற்கடையைக்
குளிர்காலம் முழுவதும் படுக்கையில் அளந்துகொண்டே கிடந்தேன்.

டெல்ஃபின் முதலில் எடுத்துப் போட்டது தோல்.
இரட்டை மடிப்பு, ஓரத்தில் ஒரே சீரான தையல்,
முகர்ந்தாலே விலை தெரிந்தது.
நனைந்தால் நெகிழும், காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும் என்றான்.
அப்படி ஒருவனோடு ஒன்பது வருஷம் இருந்தேன், வேண்டாம் என்றேன்.

அடுத்தது நைலான்.
நுனியைப் பிடித்து நீட்டினால்
வெயிலில் நாய் நாக்குப்போல் தொங்கியது.
மூன்றாவதும் நைலான்தான், நடுவே விறைப்பான பட்டை வைத்துத் தைத்தது.
நீட்டினான்; நின்றது.
முறுக்கினேன்; மறுத்தது.

கட்டிப் பார்க்காமல் காசு தரமாட்டேன்.
மார்புவரை ஏறும் ரப்பர் உடையையும்
குண்டில்லாத துப்பாக்கியையும் பையில் கொண்டுபோயிருந்தேன்.
எல்லாம் மாட்டி, வாரை உறையின் காதில் கோத்து,
ஆட்டிப் பார்த்தேன். இடைவெளி இல்லை.
தூண்டில் முள் வரிசைக்கும் ஊறுகாய்ப் புட்டிகளுக்கும் நடுவே
நடந்தேன், குந்தினேன், இல்லாத மீனைத் தூக்கினேன்.
இடுப்பெலும்பில் கடித்தது.
இதைச் செய்தவர்களுக்கு
இடுப்பு என்பது ஒரு நேர்க்கோடு.
ஒரு துளை தளர்த்தி, சற்றே கீழிறக்கி,
சரி, இதோடு வாழலாம் என்றேன்.
டெல்ஃபின் சிரிக்கவில்லை. பில் போட்டான்.

ஜூனில் தடுப்பு வேலி போட்டோம், ஆற்றுக்குக் குறுக்கே,
நானும் மக்காரியும்.
வாயில் வழி ஏறும் சால்மன் ஒவ்வொன்றுக்கும்
கட்டை விரலால் ஒரு சொடுக்கு.
ஒருநாள் எதிர்க்கரையில் தாய்க்கரடி, இரண்டு குட்டி.
கை போனது.
உறை இருந்தது.
எடுக்கவில்லை. கை அங்கேயே இருந்தது,
கரடி ஒரு மீனின் தலையை மட்டும் தின்றுவிட்டுப் போகும்வரை.

ஆகஸ்டில் ஆறு ஏறியது.
வேலியில் ஒரு கட்டை சிக்கியதென்று இறங்கினேன்,
பாசிக்கல் காலை வாரிவிட்டது.
அரை என்றால் பாதி, அரை என்றால் இடுப்பு.
என்னில் அரை ஆற்றின் வாயில்,
அரையில் கட்டிய வார் மக்காரியின் பிடியில்.
பின்னாலிருந்து இரண்டு கையாலும் பற்றி
நங்கூரம்போல் உட்கார்ந்துவிட்டான் சேற்றில்.
ஒன்றரைக் கிலோவுக்கு வாங்கியது
எழுபத்தெட்டுக் கிலோவோடு தண்ணீரையும் சேர்த்துத் தாங்கியது.

கரையில் கிடந்து நான் ஆற்றைக் கக்கினேன்.
அவன் விரல் ஒவ்வொன்றாய்ப் பிரித்தான்.
எத்தனை மீனை விட்டிருப்போம், ஃபெவ்ரோனியா?
தெரியவில்லை. பதினோரு நிமிஷம் என்று எழுது.

அன்றிரவு துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன்.
அலுவலகப் படிவத்தில் ஒரு கட்டம்:
ஆயுதம் பயன்படுத்தப்பட்டதா?
இல்லை.
பெல்ட்டுக்குக் கட்டமே கிடையாது.
அடுப்புக்கு மேலே ஆணியில்
வளைந்த என் இடுப்பின் உருவத்திலேயே
சொட்டிக்கொண்டிருந்தது அது.